43-வது வளைவில் ஒரு மஞ்சள் விளக்கு!

கொல்லிமலைக்குப் போகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போகிறவர்கள் ஒரு ரகம். கண்ணை இறுக மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போகிறவர்கள் இன்னொரு ரகம். என் மனைவி இரண்டாவது. நான் முதலாவது. அதனால்தான் எங்கள் கார் எந்த இடத்தில் படுத்தது என்று இன்றைக்கும் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. போர்டில் எழுதியிருந்தது: 43/70.

நடந்தது 2022 டிசம்பரில். செகண்ட் ஹேண்டில் ஒரு டீசல் கார் வாங்கியிருந்தேன். 2014 மாடல். (கம்பெனி பேர் வேண்டாம் ஸார், தப்பு வண்டி மேல் இல்லை, கேளுங்கள்.) புது காரோ, பழைய காரோ, வாங்கினவன் அதை நாலு பேருக்குக் காட்டாமல் இருக்க முடியுமா? சென்னையிலிருந்து கிளம்பி, திருச்சியில் அப்பாவை ஏற்றிக்கொண்டு, முசிறி, தொட்டியம் வழியாக நாமக்கல் போய்ச் சேர்ந்தோம்.

அப்பா ரிட்டயர்டு பஸ் டிரைவர். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை. அவரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு கார் ஓட்டுவது, ஹெட்மாஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சை எழுதுகிற மாதிரி. வாய் திறக்க மாட்டார். ஆனால் நான் பிரேக் போட வேண்டிய இடத்தில் எல்லாம் அவர் வலது கால் தரையை அழுத்தும்!

நாமக்கல்லைத் தாண்டும்போது, "இங்கே பாடி கட்டின லாரி இல்லாத ஊரு இந்தியாவுல இல்லைடா" என்றார். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டி, காரவள்ளி. அங்கிருந்து மலை ஆரம்பம்.

ஒரு விஷயத்தை இங்கே ஒப்புக்கொண்டாக வேண்டும். ஒரு வாரமாகவே டாஷ்போர்டில், என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "அது என்னங்க?" என்று மனைவி கேட்டாள். "அதுவா? என்ஜின் ஓடுதுன்னு அர்த்தம்" என்றேன். ஆபீஸில் ஒரு நண்பன், "சென்சார் கோளாறா இருக்கும்டா, கண்டுக்காதே" என்று சர்ட்டிஃபிகேட் கொடுத்துவிட்டான். அவன் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்!

கொல்லிமலைக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் கொல்லிப்பாவை கதை ஒன்று சொல்வார்கள். அழகாகச் சிரித்தே ஆளைக் கொல்லும் பாவை. என் டாஷ்போர்டில் ஒரு வாரமாகச் சிரித்துக்கொண்டிருந்ததும் அதுதான் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நாற்பதாவது வளைவு வரை ஜோர். 43-ல் ஸ்டியரிங்கை ஒடித்து ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். 'புஸ்ஸ்...' என்று ஒரு சத்தம். பிறகு எவ்வளவு மிதித்தாலும் வண்டி மாட்டு வண்டி வேகம்தான். பின்னால் கறுப்புப் புகை. அதற்கும் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு பஸ். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். என் உள்ளங்கை வியர்த்துவிட்டது.

"பதறாதே. உள் ஓரமா ஒதுக்கு. நாலு பக்க லைட்டையும் போடு. ஹேண்ட் பிரேக்கை இழு. முதல் கியர்ல வச்சு ஆஃப் பண்ணு. வீலைப் பாறைப் பக்கம் திருப்பு." அப்பாவின் குரலில் முப்பது வருஷ அனுபவம். பையன் ரெண்டு பெரிய கல்லைக் கொண்டுவந்து பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தான். அப்பா தோள் துண்டை உதறிக்கொண்டு கீழ் வளைவுக்கு இறங்கிப் போய், ஏறி வருகிற வண்டிகளுக்கு வீசிக் காட்டிக்கொண்டு நின்றார்.

திரும்பி ஏறி வந்தபோது கொஞ்ச தூரத்துக்கு மூன்று தடவை நின்றார். நெஞ்சைத் தடவிக்கொண்டார். "என்னப்பா?" என்றேன். "மலைக்காத்துடா, மூச்சு வாங்குது" என்றார். எனக்கு வண்டிக் கவலை. விட்டுவிட்டேன்.

அன்னாசிப்பழ லோடுடன் இறங்கி வந்த ஒரு வேன் டிரைவர் நிறுத்தி, சேந்தமங்கலம் மெக்கானிக் ஒருவரின் நம்பரைக் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் பைக்கில் வந்து இறங்கினார் மெக்கானிக். இருபத்தைந்து வயசுதான் இருக்கும். ஸ்பானரை எடுப்பார் என்று பார்த்தால், தீப்பெட்டி சைஸில் ஒரு கருவியை எடுத்து ஸ்டியரிங்குக்கு அடியில் சொருகி, செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

"எத்தன நாளா லைட் எரியுதுங்க சார்?"

"ஒரு... ரெண்டு நாளா."

"லைட் எரிஞ்சதுக்கப்புறம் 612 கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு காட்டுதுங்களே!"

வண்டி என்னைப் போட்டுக் கொடுத்துவிட்டது. மனைவி எலுமிச்சம்பழத்தை இறக்கிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"பி 0299-னு கோடு விழுந்திருக்குங்க. டர்போ காத்து பத்தலைன்னு அர்த்தம். ஆனா டர்போவே போச்சுன்னு முடிவு பண்ணக் கூடாது. கோடு தெருவைத்தான் காட்டும்; வீட்டை நாமதான் தேடோணும்."

"வளைவுல 'புஸ்'னு காத்து போன சத்தம் கேட்டுச்சு தம்பி" என்றார் அப்பா.

"அப்ப ஹோஸ்தானுங்க!"

பானெட்டைத் திறந்து அஞ்சு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். டர்போ அழுத்தி அனுப்பும் காற்றை என்ஜினுக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாய், கிளிப் மாட்டும் இடத்தில் ஓரமாகக் கிழிந்து, பிடுங்கிக்கொண்டிருந்தது. கிழிந்த ஓரத்தை ஒரு இஞ்ச் அறுத்துவிட்டு, மறுபடி சொருகி, புது கிளிப் போட்டு முறுக்கினார். "இது ஊர் போய்ச் சேர மட்டுந்தானுங்க. போனதும் புதுசு மாத்திருங்க." அதற்கப்புறம்தான் கோடை அழித்தார். "சிலர் முதல்லயே கோடை அழிச்சு லைட்டை அணைச்சுட்டுப் போயிருவாங்க. அது காய்ச்சல்காரன்கிட்ட தெர்மாமீட்டரைப் புடுங்கி எறியற மாதிரிங்க."

"ஆனா சென்னையில நல்லாத்தானே ஓடுச்சு?" என்றேன்.

"சமதரையில வண்டி ஒண்ணும் சொல்லாதுங்க சார். மேடு ஏறும்போதுதான் முழு பலம் வேணும். அப்பத்தான் குறை தெரியும். காத்து குறைஞ்சா, என்ஜினைக் காப்பாத்த கம்ப்யூட்டரே பவரைக் குறைச்சுடும்."

விளக்கு சாஸ்திரத்தையும் அங்கேயே உபதேசம் செய்தார். ஆபீஸ் நண்பர்களே, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு என்றால் உடனே ஓரங்கட்டு. எண்ணெய்க் கிண்டி படம் எரிந்தால் ஆயில் பிரஷர் இல்லை. 'பக்கத்து ஊர் வரை போய்டலாம்' என்றால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். தெர்மாமீட்டர் படம் என்றால் என்ஜின் சூடு. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். பாட்டரி படம் சார்ஜ் ஏறவில்லை என்பதற்கு, பெல்ட்டைப் பார். மஞ்சள் என்றால் மெதுவாகப் போ, சீக்கிரம் காட்டு. அதுவே பெட்ரோல் வண்டியில் என்ஜின் படம் விட்டுவிட்டு மின்னினால், ஓட்டாமல் நிறுத்திவிடுவதே உத்தமம். பச்சையும் நீலமும் வெறும் தகவல்.

மேலே போனோம். செம்மேட்டில் குதிரை மேல் வல்வில் ஓரி. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தைத் துளைத்ததாகச் சங்கப் பாட்டு சொல்கிற வள்ளல். ஒரே விளக்கைக் கவனிக்காமல் நான்கு பேரை நடுரோட்டில் நிறுத்தினவன் அவனை நிமிர்ந்து பார்க்கக் கூசினேன். அறப்பளீஸ்வரரைத் தரிசித்துவிட்டு ஆகாய கங்கைக்கு இறங்கினோம். ஆயிரத்துக்கு மேல் படி. முந்நூறு அடி உயரத்திலிருந்து விழுகிற அருவி, பக்கத்தில் போவதற்கு முன்பே சாரலால் நனைத்துவிடுகிறது.

அப்பா மட்டும் வரவில்லை. "முட்டி வலிடா" என்று கோயில் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். திருச்சியில் தினமும் ரெண்டு கிலோமீட்டர் நடக்கிற மனுஷன்!

இறங்கும்போது, "ஏறின கியர்லயே இறங்கணும். பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா சூடாகிப் பிடிக்காது" என்று சொல்லிக் கொடுத்தார். 43-வது வளைவு வந்தது. மெக்கானிக் சொன்னது ஞாபகம் வந்தது. சமதரையில ஒண்ணும் சொல்லாது... மேடு ஏறும்போதுதான் தெரியும்...

"அப்பா, உண்மையைச் சொல்லுங்க. எத்தனை நாளா?"

கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு மாசமா இருக்கும். மாடிப்படி ஏறினா நெஞ்சைப் பிடிக்குது. உட்கார்ந்தா சரியாயிடுது. அதான் கண்டுக்கலை."

நான் சொன்ன அதே 'கண்டுக்கலை'!

திங்கட்கிழமை ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போனேன். டெஸ்ட், ஆஞ்சியோ. ஒரு குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். "நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க" என்றார் டாக்டர். அப்பா படுக்கையிலிருந்து என்னைக் கூப்பிட்டு, "கார்ல அந்த ஹோஸை மாத்திட்டியா?" என்றார்.

மாற்றிவிட்டேன். இப்போதெல்லாம் சாவி போட்டதும் ஒரு நிமிஷம் டாஷ்போர்டைப் பார்க்கிறேன். எல்லா எச்சரிக்கை விளக்கும் ஒரு தடவை எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். பழைய கார் வாங்கப் போகிறவர்களும் இதைப் பாருங்கள். என்ஜின் விளக்கு எரியவே இல்லை என்றால், சந்தோஷப்பட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். யாரோ அதன் வாயைக் கட்டியிருக்கலாம்.

அப்பா இப்போது மாடிப்படி ஏறும்போது நான் பின்னாலேயே போகிறேன். "என்னடா, ஸ்கேனரா?" என்கிறார். அடுத்த வருஷம் ஆகாய கங்கையில் குளிக்க வேண்டுமாம். டாக்டர் சம்மதம் கொடுத்துவிட்டால் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.