பக்க வரலாறு

ராகலைக் கடைவீதியில், வானொலியும் தொலைக்காட்சிப் பெட்டியும் திருத்தும் சிறு கடையொன்று உண்டு. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக மலையேறி வந்த சிற்றகலப் புகையிரதப் பாதை ஒருகாலத்தில் இவ்வூரிலேதான் முடிவுற்றது. 1940களில் அப்பாதையும் கைவிடப்பட்டது. கைவிடப்பட்ட பொருள்கள் ராகலைக்குப் புதியன அல்ல. கடைக்காரரோ கைவிடப்பட்டவற்றையே நம்பி வாழ்பவர். எழுபது வயதை எட்டிவிட்ட அவருடைய மேசையைச் சுற்றி, உரியவர்கள் திரும்பி வந்து கேட்காத பெட்டிகள் கூரையை முட்டும் அளவுக்கு அடுக்கப்பட்டிருக்கும்.

பல்கலைக்கழக விடுமுறையில் தோட்டத்து லயத்துக்கு வரும் மாணவனொருவன், மாலையில் மூடுபனி இறங்கியதும் அக்கடையிற் சென்று அமர்வது வழக்கம். கலைப்பீட மாணவனாகிய அவனுக்கு மின்சாதனங்களிற் பயிற்சி இல்லை. எனினும் ஒரு விசித்திரமான வேலையை அவன் மேற்கொண்டிருந்தான். 1980களில் வீடுகளிற் புழங்கிய பழைய கணினிகளைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுவதே அவ்வேலை. யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் முதலானோரின் உழைப்பால் 2003ஆம் ஆண்டிலிருந்து வளர்ந்துவரும் அக்கலைக்களஞ்சியத்தில் எவரும் எழுதலாம். எவர் எழுதியதையும் எவரும் திருத்தலாம். அந்த இரண்டாவது உரிமையின் கனத்தை அவன் ஒரு சிறு துளையின் பொருட்டே உணர்ந்தான்.

1982ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த ஸ்பெக்ட்ரம் என்னும் கணினியைப் பற்றிய தன் வரைவை அவன் ஒருநாள் உரக்க வாசித்தான். ஒன்பது வோல்ற்று நேர்மின்னோட்டத்தில் அது இயங்கும் என்றும், மின்செருகியின் நடுமுனை நேர்முனை என்றும் எழுதியிருந்தான். பெரும்பாலான கருவிகள் அவ்வாறே இருத்தலால் இதுவும் அவ்வாறே இருக்கும் என எண்ணிக்கொண்டானேயன்றி எதையும் பார்த்து எழுதவில்லை. முதியவர் கையிலிருந்த பற்றவைக்கும் கோலைக் கீழே வைத்தார்.

“அதுல நடுவுல மைனஸ், தம்பி. சுத்திவரத்தான் பிளஸ். நீ எழுதினபடி எவனாச்சும் குடுத்தா, பொட்டி செத்துப்போகும்.”

மாணவன் அன்றிரவே அந்தக் கணினியின் கையேட்டையும் மின்சுற்றுப் படத்தையும் தேடிப் பார்த்தான். முதியவர் சொன்னதே சரி. நாற்பது ஆண்டுகளைக் கடந்த பெட்டியொன்றைப் பரணிலிருந்து எடுத்துத் துடைத்து உயிரூட்ட முனையும் எவரோ ஒருவர் இத்தகைய பக்கத்தை நம்பியே மின்சாரத்தைக் கொடுப்பார். கவிஞரொருவரின் பிறந்த ஆண்டு பிழைத்துப் போனால் புத்தகம் எரிவதில்லை. இங்கோ ஒரு சொல் பிழைத்தால் சில்லுகள் கருகும்.

எல்லாப் பிணக்குகளும் இவ்வளவு தெளிவானவை அல்ல. கொமடோர் 64 என்னும் கணினியின் நினைவகம் எவ்வளவு என்பதில் இரு பயனர்கள் ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்து வந்தனர். ஒருவர் 64 கிலோபைட் என்றார். மற்றவர், தாம் சிறுவயதிற் பயன்படுத்திய பெட்டியின் திரையில் 38,911 பைட்டுகளே காட்டப்பட்டன என்று பிடிவாதமாக நின்றார். இருவரும் பொய்யுரைத்தவர் அல்லர். பெட்டியில் உள்ள நினைவகம் 64 கிலோபைட்டே. பேசிக் மொழியில் நிரல் எழுத முனைபவருக்கு எஞ்சுவது 38,911 பைட்டுகள். இரண்டையும் எழுதி, எது எதனைக் குறிக்கின்றது என்று ஒரு வரி சேர்த்ததும் பூசல் அடங்கிற்று. உரையாடற் பக்கத்தில் அதற்குச் செலவான சொற்களோ கட்டுரையின் நீளத்தைக் காட்டிலும் பல மடங்கு. அதனை வீண் என்று சொல்வதற்கில்லை. வீட்டுத் திண்ணையில் நடந்திருந்தால் அவ்விவாதம் காற்றோடு போயிருக்கும்.

முதியவரின் நினைவு ஊற்றெடுக்கத் தொடங்கியது அதன் பின்னரே. 1983ஆம் ஆண்டின் முற்பகுதியில் அவர் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு திருத்தகத்தில் வேலை பார்த்தார். இலண்டனிலிருந்து வந்த ஒருவர் கொண்டுவந்த ஸ்பெக்ட்ரத்தைத் திறந்தபோது, உள்ளே சிறு சில்லொன்று கால்கள் மேல்நோக்கியபடி மல்லாந்து ஒட்டப்பட்டிருந்ததாம். மாணவன் நம்பவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த பலகையில் அப்படியொரு கோலம் இருக்குமா? தேடியபோது உண்மை புலப்பட்டது. முதல் வெளியீட்டுப் பலகைகளில், முதன்மைச் சில்லொன்றின் வடிவமைப்பில் நேர்ந்த பிழையைச் சரிப்படுத்தும் பொருட்டு அவ்வாறு ஒட்டியிருந்தனர். திருத்துநர்கள் அதற்குச் ‘செத்த கரப்பான்’ என்று பெயரும் சூட்டியிருந்தனர். விசைகள் வெளிர் சாம்பல் நிறம் என்று முதியவர் சொன்னதும் அந்த முதல் வெளியீட்டுக்கே பொருந்திற்று.

ஆயின், அத்தகைய பெட்டி கொழும்புக்கு வந்து திருத்தப்பட்டது என்பதற்குச் சான்று எங்கே? “வேலைக் குறிப்புக் கொப்பி இருந்திச்சு, மாமா?” என்று மாணவன் கேட்டான்.

“எல்லாத்துக்கும் கடுதாசி கேட்டா நான் எங்க போறது? கடையோட சேந்து ஜூலையில எரிஞ்சு போச்சு.”

அதன் பின்னரே அவர் ராகலைக்குத் திரும்பியிருந்தார். பத்திரம் கேட்பது என்பது மலையகத்தில் வெறும் ஆய்வுநெறி அன்று. தந்தையேனும், அன்றிப் பாட்டனும் பூட்டனுமேனும் இம்மண்ணிற் பிறந்தமையைப் பத்திரங்கொண்டு நிறுவ இயலாதோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றோர் ஆக்கிற்று. எஞ்சியோருக்கு வழிசெய்த சட்டம் வந்தது 2003ஆம் ஆண்டில். தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியதும் அதே ஆண்டு என்பது தற்செயலே. ‘சான்று தேவை’ என்ற இரு சொற்களைத் தட்டச்சுச் செய்யும்போது, லயத்தில் வளர்ந்த அவனுடைய விரல்கள் சற்றே தயங்கின. தயங்கினும், புறக்கோட்டைச் செய்தியை ஒரு வரியாகச் சேர்த்துவிட்டுத் தானே அவ்விரு சொற்களையும் அதனருகில் இட்டான்.

சான்று கேட்பதன் மறுபக்கமும் விரைவில் வெளிப்பட்டது. கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் தமது ‘2010’ நாவலைக் கேப்ரோ கணினியில் எழுதினார் என்பது முதியவரின் அசைக்கமுடியாத நினைவு. மாணவன் பல்கலைக்கழக நூலகத்தில் அந்நாவலைத் தேடியெடுத்தான். ஆர்க்கைவ்ஸ் III என்னும் கணினியில் எழுதி ஒரேயொரு நெகிழ்வட்டில் நியூயோர்க்கிற்கு அனுப்பியதாக ஆசிரியரே அதிற் குறித்துள்ளார். கேப்ரோ வந்தது அதன் பின்னர்: திரைப்படமாக்கிய பீட்டர் ஹையம்ஸுடன் தொலைபேசிக் கம்பிவழி மடல் பரிமாறிக்கொள்ள. நினைவு இரண்டையும் ஒன்றாகக் குழைத்திருந்தது.

மறுமுறை வந்தபோது இதனை எப்படிச் சொல்வதென்று அவன் கூசினான். முதியவரோ அந்தக் குறிப்பின் மறு செய்தியிலேயே மகிழ்ந்துபோனார்: கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கைச் செய்மதி நிலையத்தினூடாகச் சென்றன என்பதே அது. பிறகு, “அப்ப அத மாத்திரு, தம்பி. தெரிஞ்சுக்கிட்டே பிழைய வச்சிருக்கக் கூடாது” என்றார்.

இதற்குச் சில வாரங்களின் பின், வேறொரு பயனர் புறக்கோட்டை வரியைச் சான்றின்மை காரணமாக நீக்கினார். விதிப்படி அது சரியே. மாணவன் அதனை மீளச் சேர்க்கவில்லை.

“நான் சொன்னது இருக்கா?” என்று முதியவர் ஒருநாள் கேட்டார்.

“பக்கத்துல இல்ல, மாமா. வரலாறுல இருக்கு.”

நீக்கப்பட்ட ஒவ்வொரு வடிவமும் நாளும் நேரமும் இட்டுப் பக்க வரலாற்றில் சேமிக்கப்படுவதை அவன் விளக்கி, கைத்தொலைபேசியில் அந்தப் பழைய வடிவத்தைத் திறந்து காட்டினான். முதியவர் கண்ணாடியை உயர்த்தி, எழுத்தெழுத்தாக வாசித்தார்.

“இரண்டாம் குறுக்குத் தெருன்னு போட்டிருக்கே. கடை முதலாம் குறுக்குத் தெருவுல. இத மட்டும் திருத்திரு.”

பழைய வடிவங்களை எவராலும் திருத்த முடியாது என்று மாணவன் சொன்னான். முதியவர் தொலைபேசியை அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பற்றவைக்கும் கோலை மீண்டும் கையிலெடுத்தார்.