படம் எப்படி அண்ணே?

அந்தமானில் தமிழர் நாலு பேர் கூடினால் முதலில் கப்பல் டிக்கெட், அடுத்து மீன் விலை, மூன்றாவதாக சினிமா. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவுகளில் இருந்த 3.80 லட்சம் பேரில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். வங்காளி, இந்திக்கு அடுத்த இடம். போர்ட் பிளேருக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். தேநீர்க்கடைப் பேச்சு மாறவில்லை.

ஒரு காலத்தில் இங்கே படம் வருவதற்கு முன்பே அபிப்பிராயம் வந்துவிடும். மதுரையிலிருந்து மச்சான் தொலைபேசியில், "இடைவேளை வரைக்கும் பரவாயில்லை, அப்புறம் அறுவை" என்பார். காசெட் சென்னையில் கப்பலேறி, கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர் கடலைத் தாண்டி வரவேண்டும். அது வந்து சேரும்போது தீர்ப்பு எழுதியாகியிருக்கும். 2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி சென்னையிலிருந்து கடலுக்கடியில் வந்த 2,300 கிலோமீட்டர் கேபிள் இந்த நிலையை மாற்றியது. மெயின்லேண்டில் பார்க்கும் அதே ராத்திரியில் இவர்களும் பார்க்க வழி பிறந்தது. தீர்ப்பும் சொந்தத் தீர்ப்பானது.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் இவர்கள் எப்போதுமே கடன் வாங்கிய அபிப்பிராயம் சொன்னதில்லை. அந்தமானைப் பற்றிய படங்கள்.

1952இல் எம்.ஜி.ஆரின் ‘அந்தமான் கைதி’. 1978இல் சிவாஜியின் ‘அந்தமான் காதலி’. 1996இல் ‘சிறைச்சாலை’. பிரியதர்ஷன் மலையாளத்தில் ‘காலாபானி’ என்று எடுத்து, மோகன்லாலும் பிரபுவும் நடித்த படம். செல்லுலர் சிறையிலேயே படப்பிடிப்பு நடந்ததால் ஊர்க்காரர்களுக்கு அது ஏறக்குறைய சொந்தப் படம். சவுக்கடிக் காட்சியில் மெயின்லேண்ட் ரசிகர்கள் கண் கலங்கினார்கள். இங்கேயும் கலங்கினார்கள். விவாதம் அதற்குப் பிறகுதான்.

"செக்கைப் பாத்தியா? நம்ம வ.உ.சி. இழுத்ததுடா" என்பார் ஒருவர். "அண்ணே, அவர் இழுத்தது கோயம்புத்தூர் ஜெயில்ல. அந்தமானுக்கே வரல" என்பார் பள்ளிக்கூட வாத்தியார். உண்மைதான். நாடு கடத்தும் தண்டனை விதிக்கப்பட்டும் வ.உ.சி. கோவையிலும் கண்ணூரிலும்தான் சிறையிருந்தார். செக்கு இரண்டு ஊரிலும் இருந்தது. எண்ணெயின் அளவு குறைந்தால் அடி என்ற சட்டமும்.

வாத்தியாரின் திருத்தத்தோடு பேச்சு முடிவதில்லை. இந்தத் தீவில் ‘லோக்கல் பார்ன்’ என்று ஒரு சமூகம் உண்டு. கைதிகளின் வம்சாவளி. ஆங்கிலேயர் 1858 மார்ச்சில் 200 கைதிகளை இறக்கிக் குடியேற்றத்தைத் தொடங்கினார்கள். ஏழு கிளைகள் கொண்ட செல்லுலர் சிறை கட்டி முடிந்தது 1906இல். இடைப்பட்ட ஏறக்குறைய அரை நூற்றாண்டில் வந்தவர்களில் 1857 கிளர்ச்சிக்காரர்கள் உண்டு. பெரும்பாலோர் கொலை, கொள்ளை என்று தண்டனை பெற்ற சாதாரண மனிதர்கள். நன்னடத்தைக்காக நிலம் பெற்று, பெண் கைதிகளை மணந்து, சாதியும் மாகாணமும் பார்க்காமல் குடும்பம் நடத்தினார்கள். காட்டை வெட்டி ஊராக்கியதும் அவர்கள்தான்.

அந்த வீட்டுப் பிள்ளைக்கு ‘சிறைச்சாலை’ பார்ப்பது அவ்வளவு சுலபமல்ல. திரையில் கைதி என்றால் தியாகி. படம் பார்த்துவிட்டு வரும் சுற்றுலாப் பயணியோ, "உங்க தாத்தா எந்தப் போராட்டத்துல வந்தாரு?" என்று ஆசையாகக் கேட்கிறார். தியாகி என்று சொன்னால் பொய். இல்லையென்றால் கேட்டவரின் முகம் மாறுகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பதிலை எந்தப் படமும் இதுவரை அவருக்கு எழுதித்தரவில்லை.

தமிழ்க் குடும்பங்களின் குறை வேறு. கைதி வந்தான், காதலி வந்தாள், சிறை வந்தது. பிழைக்க வந்தவன் வரவில்லை. ரோடு போட்டவர், மரம் அறுத்தவர், 2004 சுனாமியில் வீட்டைத் தொலைத்து மறுபடி கட்டியவர், கச்சல் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட இலங்கைத் தாயகம் திரும்பியோர், இவர்களில் யாரும் கதாநாயகன் ஆகவில்லை. "கேமரா கப்பல்ல வருது, ஜெயிலைப் புடிக்குது, திரும்பிடுது. கடைவீதிப் பக்கம் ஒருநாள் வந்தா என்ன?" என்பது இவர்களின் விமர்சனம்.

நட்சத்திரக் குறி போட்டு எழுதுகிற விமர்சகர் யாரும் இதைக் கேட்டதாகத் தெரியவில்லை. செல்லுலர் சிறையில் இன்று மிச்சமிருப்பது மூன்று கிளைகள். 1979 முதல் அது தேசிய நினைவுச் சின்னம். சுற்றிப் பார்க்க டிக்கெட் உண்டு. வெளியே, பஜாரில் கதை கேட்க டிக்கெட் கிடையாது.