இலவச டெலிவரியும் ஐந்தாம் வகுப்புக் கணக்கும்



நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் கன அளவு. ஞாபகம் இருக்கிறதா? என் பழைய மாணவி ஒருத்தியின் பிழைப்பே இப்போது அந்தக் கணக்கில்தான் நிற்கிறது. பனை ஓலைப் பெட்டி முடைந்து ஆன்லைனில் விற்கிறாள். பெட்டியின் எடை 300 கிராம். கட்டிய பார்சல் 30 × 25 × 20 செ.மீ. பல கூரியர்களில் இதைப் பெருக்கி 5000ஆல் வகுக்கிறார்கள். விடை 3. ஆக, 300 கிராமுக்கு 3 கிலோ கட்டணம்! அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. அட்டைப்பெட்டி, டேப், விற்பனைத் தளத்தின் கமிஷன் எல்லாம் தனி. உட்கார்ந்து பேக் செய்யும் நேரத்துக்குக் கூலியே கிடையாது.

இப்படி அனுப்பியதை, "இப்போது வேண்டாம்" என்று வாசலிலேயே திருப்பிவிட்டால், போகிற செலவும் வருகிற செலவும் அவள் தலையில். நாலைந்து பெட்டி விற்ற லாபம் ஒரு ரிட்டர்னில் போய்விடுகிறதாம்.

பெரிய கம்பெனிகள் தாங்கிக்கொள்ளும். வீட்டிலிருந்து விற்கும் பெண்கள் தாங்க மாட்டார்கள். அளவைப் பார்த்து, யோசித்து ஆர்டர் போடுங்கள். முகவரியைச் சரியாகக் கொடுங்கள். டெலிவரி தம்பி கூப்பிட்டால் போனை எடுங்கள். முடிந்தால் பணத்தை முன்னாலேயே கட்டிவிடுங்கள். "இலவச டெலிவரி" என்று போட்டிருந்தாலும், அந்தக் காசை யாரோ ஒருவர் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்