சரியும் துல்லியமும்

திருவண்ணாமலையில் நாள்தோறும் நம் செவியில் மிகுதியாக விழும் ஆங்கிலச் சொல் யாதென வினவினால், ‘கரெக்ட்’ என்றே விடையிறுப்போம். பேருந்து கரெக்டாக வரும்; சட்டை கரெக்டாக இருக்கும்; கரெக்டான மனிதர் என்று ஒருவருக்கு நற்சான்றும் கிட்டும். “கரெக்டாக ஒரு பத்து மணி வாக்கில் வருகிறேன்” என்பாரும் உளர். ‘கரெக்ட்’டும் ‘வாக்கில்’ என்பதும் ஒரே தொடரில் எங்ஙனம் குடித்தனம் நடத்துகின்றனவோ!

ஆங்கிலத்தில் இப்பணிகளுக்கெல்லாம் தனித்தனிச் சொற்கள் உள. ‘கரெக்ட்’ என்பது நேராக்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிற் பிறந்தது, பிழையின்மையைச் சுட்டுவது. ‘அக்யூரேட்’ என்பதன் வேரில் கவனமும், ‘பிரிசைஸ்’ என்பதன் வேரில் வெட்டி நறுக்குதலும் உள்ளன. விநாடி முள்ளுடைய கைக்கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடுமாயின், அது காட்டும் நேரம் நுட்பமானதே, ஆயினும் சரியானதன்று.

கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியில் தீபம் ஏற்றப்படுவது மாலை 6 மணிக்கு. அது கடிகாரத்தின் நேரம். மஃரிபுத் தொழுகைக்கு எம் இல்லத்தார் எதிர்நோக்குவதோ கதிரவன் மறைவை. அது நாளுக்கு நாள் சிறிது நகரும். இரண்டும் நமக்குக் ‘கரெக்ட் டைம்’ தான். கிரிவலப் பாதை “கரெக்டாக 14 கிலோமீட்டர்” என்றார் வகுப்பில் ஒரு மாணவர். முழுவெண்ணாகத் திரட்டிச் சொல்லும் தொலைவுக்கு அவ்வடை எதற்கு? ‘ஏறத்தாழ’ என்பதே பொருந்தும்.

தமிழிற் சொற்பஞ்சமில்லை. ‘துல்லியம்’ ஒப்புமை குறித்த வடசொல்வழி வந்தது, துலாக்கோலுக்கு உறவு. ‘கறார்’ அரபியிற் பிறந்து உருதுவழி நம்மிடம் வந்தது. எம் தந்தையார் தம் துணிக்கடையில் ‘கறார் விலை’ என எழுதி வைத்திருந்தார். அதனைப் படித்த பின்னரே பலர் பேரம் தொடங்குவர்!

இஃது இலக்கணத்தார் கவலை மட்டுமன்று. எம் சாச்சியின் பேரனுக்குக் காய்ச்சல். மருத்துவர் எழுதிய அளவு 5 மில்லிலிட்டர். வீட்டில் ஊற்றியதோ சாப்பாட்டுக் கரண்டியால். மருந்துக் குப்பியோடு வந்த அளவுமூடி பிரிக்கப்படாமலே கிடந்தது. அம்மூடியை எடுத்துக் கரண்டி மருந்தை அதில் ஊற்றிக் காட்டினோம். 5 என்னும் கோட்டைக் கடந்து வெகுமேலே நின்றது.

“ஒரு ஸ்பூன்னு கரெக்டாத்தானே ஊத்தினேன்?” என்றார் சாச்சி.