எதற்குப் பதிலாக?

தமிழில் ‘அருமை’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. சிறப்பு என்பது ஒன்று. கிடைத்தற்கு அரிது என்பது மற்றொன்று. சிறந்தது எதுவோ அதுவே அரிதாகும் என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். ஆனால், மட்டமானது என்று கழிக்கப்பட்டதனாலேயே அரிதாகிப்போன பொருள்களும் உலகில் உள. ஜேர்மனியக் குதிரைப்படையின் தொப்பி ஒன்று இதற்கு நல்ல சான்று.

இரணைமடுக் குளத்தின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைக்கும் நமக்கும் ஜேர்மனியத் தொப்பிக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கக்கூடும். போர் துரத்த ஜேர்மனியில் குடியேறிய உறவினர் ஒருவர் நமக்கு உண்டு. அவர் அங்குள்ள பழம்பொருட் சந்தையொன்றில் கண்ட தொப்பியைப் பற்றி வியந்து எழுதியிருந்தார். கம்பளித் தொப்பி போன்ற ஒன்றுக்கு, பளபளக்கும் தோல் தொப்பிகளை விடக் கூடிய விலை கேட்டார்களாம். ஏன் இந்தத் தலைகீழ் நியாயம் என்பதே அவருடைய கேள்வி. அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தபோது நம் சொந்த ஊரின் வரலாறே நம் முன்னே வந்து நின்றது.

உலான் என்று பெயர் பெற்ற ஈட்டிக் குதிரைவீரர்கள் ஜேர்மனியப் படையில் இருந்தனர். அவர்கள் அணிந்த தலைக்கவசத்துக்கு ‘சாப்கா’ என்று பெயர். போலந்து நாட்டிலிருந்து வந்த வடிவம் அது. பட்டமளிப்பு விழாவில் மாணவர் அணியும் சதுரத் தொப்பியை ஒரு தோற்குல்லாயின் உச்சியில் நிறுத்தினாற் போன்றிருக்கும். அதை மாட்டுத்தோலால் செய்து, கறுப்பு மெருகு பூசி, முகப்பில் பித்தளைத் தகடு பதித்தனர்.

1914இல் முதலாம் உலகப் போர் மூண்டது. இலட்சக் கணக்கானோரைத் திடீரெனப் படையில் சேர்த்தபோது இருந்த தோல் போதவில்லை. தென்னமெரிக்காவிலிருந்து வரவேண்டிய தோலைப் பிரித்தானியக் கடற்படை மறித்தது. தோலுக்குப் பதிலாகக் கம்பளி மயிரை அழுத்திச் செய்யும் ‘பெல்ட்’ என்னும் துணியிலும், மெல்லிய இரும்புத் தகட்டிலும், அழுத்திய நார் அட்டையிலும் தலைக்கவசங்கள் செய்யப்பட்டன. பித்தளை இருந்த இடத்தைச் சாம்பல் நிற இரும்பு பிடித்துக்கொண்டது. இத்தகைய பதிற்பொருள்களை ‘எர்சாட்ஸ்’ என்பர் ஜேர்மனியர். கோப்பிக் கொட்டைக்குப் பதிலாகச் சிக்கரி வேரை வறுத்துக் குடித்ததும், 1916–17 குளிர்காலத்தில் உருளைக்கிழங்குக்குப் பதிலாக மாட்டுத்தீனிக் கிழங்கைத் தின்று பசியாறியதும் அந்த ஒரு சொல்லில் அடங்கும்.

பெல்ட் சாப்கா மழையில் ஊறியது, வடிவம் குலைந்தது. 1916இல் உருக்குத் தலைக்கவசம் வந்ததும் அதன் காலம் முடிந்தது. எஞ்சியவற்றைப் பூச்சி அரித்தது. அதிகாரிகளின் கதையோ வேறு. அவர்கள் தம் தொப்பிகளைச் சொந்தப் பணத்தில், நல்ல தோலில் செய்வித்துக்கொண்டனர். போர் முடிந்தபின் வீட்டு அலுமாரியில் பேணினர். ஆகவே அதிகாரியின் தொப்பி பிழைத்தது. சிப்பாயின் தொப்பி அழிந்தது. இன்று சிப்பாயின் தொப்பி கிடைத்தற்கரியது என்று சேகரிப்போர் அதற்குப் பெருவிலை கொடுக்கின்றனர். அதை அணிந்தவனின் தலைக்கு அன்று யாரும் அத்தகைய விலை வைக்கவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், மின்கலம், சீமெந்து, இரும்பு, யூரியாப் பசளை, பல மருந்துகள் எனத் தடைப்பட்டவற்றின் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் அளந்து விடப்பட்டது. பெரும்பாலான தடைகள் 2002 தொடக்கத்திலேதான் நீங்கின. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது தட்டுப்பாடு திரும்பி வந்தது. 1902இல் வெட்டத் தொடங்கிய இரணைமடுக் குளம் கனகராயன் ஆற்று நீரைத் தேக்கி வயலுக்கு விட்டது. ஆனால் உழவு இயந்திரத்துக்கு டீசலும் பயிருக்குப் பசளையும் குளத்தில் ஊறுவனவல்லவே! கைவிட்ட எருதுகளை உழவன் மீண்டும் தேடினான்.

அன்று வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் ஒவ்வொரு வீடும் ஓர் எர்சாட்ஸ் தொழிற்சாலையாயிற்று. மோட்டார்ச் சைக்கிளும் பழைய ஒஸ்ரின் காரும் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். செய்தித்தாளுக்குத் தாள் இல்லாதபோது யாழ்ப்பாணத்து ‘உதயன்’ பள்ளிக் கொப்பியின் கோடிட்ட தாளில் அச்சேறியது. சீமெந்துக்கும் கம்பிக்கும் பதிலாகப் பனங்குற்றியும் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பதுங்குகுழிக்குக் கூரையாயின. 2009இல், போரின் இறுதி மாதங்களில், கடலோரக் கூடாரங்களில் அடைபட்ட மக்கள் மண்மூட்டைக்குச் சாக்கு இன்றிச் சேலைகளை வெட்டித் தைத்து மணல் நிரப்பினர். கூறைச் சேலையும் அதில் தப்பவில்லை. தோலுக்குப் பதில் கம்பளி என்பது ஒரு படையின் கதை. சாக்குக்குப் பதில் சேலை என்பது ஒரு சனத்தின் கதை.

இப்பொருள்களைத் தேடிச் சேர்ப்பதையே நாம் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறோம். நம் வகுப்பறை மூலையில் உள்ள பழைய அலுமாரிதான் காட்சியகம். அதில் கோடிட்ட தாளில் அச்சிட்ட பத்திரிகை இரண்டு உண்டு. மணற்கறை படிந்த சேலைத்துண்டு ஒன்று உண்டு. தைனமோ பொருத்திய சைக்கிள் சில்லு ஒன்றும் உண்டு. மின்கலம் இல்லாத நாளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுற்றி, பிறந்த மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். தைனமோ தருவது மாறுமின்னோட்டம்; வானொலி வேண்டுவது நேர்மின்னோட்டம். பழுதான வானொலியிலிருந்து கழற்றிய இருவாயிகளை இணைத்து அதை நேராக்கினார் ஒரு தொழிலாளி. இன்று அந்தச் சில்லைச் சுற்றவிட்டுத்தான் நாம் மின்னியல் பாடத்தைத் தொடங்குகிறோம்.

ஜாம் போத்தல் விளக்கைத் தேடியபோதுதான் நமக்கு ஒரு பெரும் பாடம் கிடைத்தது. போத்தலின் அடியில் சிறிது பஞ்சு. அதில் சில துளி மண்ணெண்ணெய். கம்பியில் செருகிய மெல்லிய திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே எரிவதால் காற்று அதை எளிதில் அணைக்காது. எத்தனையோ பிள்ளைகள் அந்த ஒளியில் படித்துப் பரீட்சை எழுதினார்கள். மாணவி ஒருத்தி தன் வீட்டில் அத்தகைய போத்தல் இருப்பதாகச் சொன்னாள். தாயோ தர மறுத்துவிட்டார்.

“உதை ஏன் மாஸ்டர் வேண்டிக்கொண்டுபோய் வைக்கிறியள்? எங்கட இல்லாத்தனத்தை ஊருக்குக் காட்டவோ?”

அக்கேள்வி நியாயமானது. துன்பத்தை மறப்பதற்கும் மனிதருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைப் பறித்து அலுமாரியில் பூட்டுவதற்கு நாம் யார்? பேசாமல் எழுந்தோம். அப்போது அவர் மகளைப் பார்த்துத் தாமாகவே சொல்லத் தொடங்கினார்: “இரவிரவா எரிக்கிறேல்லை. நீ பாடமாக்கி முடிய ஊதி நூர்த்திடுவன். உன்ர கொண்ணனுக்குக் காய்ச்சல் எண்டால் மட்டும் விடியும்வரைக்கும் எரியும்.” போத்தல் இன்றும் அவர் வீட்டிலேயே இருக்கிறது. அவருடைய சம்மதத்துடன் அவர் சொன்னதை மாணவி எழுதித் தந்தாள். அந்த ஒரு பக்கத் தாள் நம் அலுமாரியில் இருக்கிறது. போத்தலைவிட அது பெறுமதி வாய்ந்தது என்றே நாம் கருதுகிறோம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதி வைக்கிறோம். யார் செய்தார்? எதனால் செய்தார்? எதற்குப் பதிலாகச் செய்தார்? அசல் பொருள் ஏன் கிடைக்கவில்லை? முதலிரு கேள்விகளை எந்தச் சேகரிப்பாளனும் கேட்பான். தொப்பியின் உட்புறத்து முத்திரையை உருப்பெருக்கியால் பார்த்து, செய்த ஆண்டையும் உடுப்புக் கிடங்கையும் கண்டுபிடித்து மகிழ்வான். பின்னிரு கேள்விகளைக் கேட்டால்தான் பொருள் சாட்சி சொல்லத் தொடங்கும். நான்காவது கேள்வி தடை விதித்த ஆட்சியாளரிடம் நம்மைக் கொண்டு செல்லும். இடையில் நின்று பதுக்கி, ஒன்றுக்குப் பத்தாய் விற்றுக் கொழுத்த நம்மவரிடமும் கொண்டு செல்லும். இரண்டையும் எழுதவேண்டும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. “எத்துணைக் கெட்டிக்காரர் எம் மக்கள்!” என்று புகழ்ந்துவிட்டுப் போவது எளிது. கெட்டிக்காரத்தனத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் சேலையில் மணல் நிரப்பிய தாயின் திறமையைப் பாராட்டிவிட்டு, அவரை அந்நிலைக்குத் தள்ளியவர்களைக் கேள்வி கேளாது விடும் பாராட்டு அநியாயத்துக்குப் பூசும் மெருகேயன்றி வேறில்லை. இல்லாமை மக்கள் தேடிக்கொண்ட வாழ்க்கையன்று, அவர்கள்மீது சுமத்தப்பட்டது.

போர் முடிந்தபின் புதுக்குடியிருப்பில் கைப்பற்றிய படகுகளும் ஆயுதங்களும் காட்சிக்கு வைக்கப்பட்டன. பேருந்துகளில் வந்து பார்த்தார்கள். ஆயுதங்களுக்குக் காட்சியகம் உண்டு. அதிகாரியின் தொப்பிக்குக் கண்ணாடிப் பெட்டி உண்டு. ஜாம் போத்தலுக்கு என்ன உண்டு? மீள்குடியேற்றக் காலத்தில் பழைய இரும்பு வாங்கும் லொறிகள் வன்னியெங்கும் சுற்றின. தைனமோக்களும் சைக்கிள் சட்டங்களும் நிறைக்கணக்கில் போயின. மின்சாரம் வந்த வீடு போத்தல் விளக்கைக் குப்பையில் எறிந்தது. எறிந்தவரைக் குறைகூற முடியாது. பெல்ட் சாப்காவுக்கு நேர்ந்ததே இவற்றுக்கும் நேர்கிறது. இன்னும் ஐம்பது ஆண்டில் எவனோ ஒரு செல்வன் இவற்றைத் தேடிப் பெருவிலை கொடுக்கலாம். அப்பொழுது பொருள் இருக்கும். அதன் கதை சொல்ல ஆள் இருக்காது. போலிகளும் பெருகும்.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! இவ்வேலைக்குப் பணம் வேண்டியதில்லை. அரசின் ஆணையும் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். உங்கள் ஊரில் முதியவர் ஒருவரிடம் செல்லுங்கள். பொருளைத் தரும்படி வற்புறுத்தாதீர்கள். “இது எதற்குப் பதிலாக, அம்மா?” என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.