பலா மரத்துக்கு நம்பர் 41

போன வியாழக்கிழமை கொல்லையிலிருந்து திரும்பி வந்து பார்த்தால், ரோட்டோரம் நிற்கிற எங்க பலா மரத்துல வெள்ளை பெயிண்ட்டுல 41ன்னு எழுதியிருக்கு. என் சம்சாரம்தான் முதல்ல பார்த்தது. "யாரோ மரத்துக்குப் பேர் வெச்சிட்டுப் போயிருக்காங்க"ன்னு சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல. 40 எங்கே, 42 எங்கேன்னு ரோட்டுலயே நடந்தேன். புளி, இலுப்பை, நாவல்னு மேல் திருப்பம் வரைக்கும் 63 நம்பர் ஓடுது. எங்க மலைப்பாதையை அகலப்படுத்தப் போறாங்க.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். நான் ரோடு வேண்டாம்னு சொல்ற ஆள் இல்ல. ஜவ்வாது மலையில பொறந்தவன் யாரும் அப்படிச் சொல்ல மாட்டான். எங்க அண்ணிக்குப் பிரசவ வலி வந்தப்போ கம்புல போர்வையைக் கட்டித் தூளியா தூக்கிட்டுத்தான் இறங்கினோம். நாலு பேர் மாத்தி மாத்தி. அடிவாரம் போய்ச் சேர்றதுக்குள்ள போயிட்டாங்க. இப்போ 108 வருது. ஆனா எதிர்ல ஒரு பஸ் வந்துட்டா ஏதாவது ஒரு வண்டி திருப்பம் வரைக்கும் ரிவர்ஸ் போகணும். அதனால ரோடு அகலமாகட்டும். எப்படி அகலமாகுதுங்கறதுதான் என் கவலை.

ஏன்னா, கீழ்ப் பாதியை நாலு வருஷம் முன்னாடி அகலப்படுத்தினாங்க. அதுக்கு நேர் கீழதான் எங்க ஓடைக் கழனி, அரை ஏக்கர். (மேட்டு நிலத்தை நாங்க கொல்லைன்னு சொல்லுவோம், தண்ணி பாயற நிலம் கழனி. கொல்லையில சாமை, கழனியில நெல்லு.)

ஒத்தை வழி ரோடுன்னா 3.75 மீட்டர் அகலம். அதை 5.5 மீட்டர் ஆக்கினாங்க. பேப்பர்ல பார்த்தா கூடுதல் 1.75 மீட்டர், கிட்டத்தட்ட ஆறடி. சமவெளியில ஆறடின்னா ஆறடிதான். மலையில அப்படி இல்ல. சரிவு நல்லா நிமிர்ந்து நிற்கிற இடத்துல ஆறடி உள்ள போகணும்னா, பக்கத்துல பன்னிரண்டு அடி உயரத்துக்கு வெட்டணும். ஆறும் பன்னிரண்டும் 72. நூறடி நீளத்துக்கு 7,200 கன அடி மண்ணு. நூறு கன அடி ஒரு யூனிட், அப்போ 72 யூனிட். மூணு யூனிட் டிப்பர்ல 24 நடை. இதுல வெட்டின மண்ணு பொங்கறதை நான் சேர்க்கல, ஓரக் கால்வாய்க்கு வெட்டறதையும் சேர்க்கல. வெறும் நூறடிக்கே இவ்வளவு.

இந்த மண்ணு எங்கே போகும்? அள்ளிட்டுப் போய் ஒதுக்குப்புறமா கொட்டணும்னா டீசல் செலவு, டிரைவர் கூலி. ஜேசிபி கையை ஒரு திருப்புத் திருப்பினா பள்ளத்துல விழுந்துடும், செலவே இல்ல. எங்க பக்கம் அதுதான் நடந்துச்சு. நான் போய்க் கேட்டேன். "மண்ணு கீழ போகாம மேலயா போகும் பெரியவரே?"ன்னாங்க. கார்த்திகை மழையில அந்த மண்ணு கல்லோட சேர்ந்து எங்க கழனிக்கு வந்துச்சு. நெல்லு கதிர் பால் பிடிக்கிற நேரம். காலையில போய்ப் பார்த்தப்போ வரப்பு எது, கழனி எதுன்னு தெரியல. ரெண்டு கோடையில கூடையில சுமந்து முக்கால்வாசி அள்ளினோம். மீதி கால்வாசி இன்னும் கல்லுதான். அதுல எங்க அம்மா எப்பவும் சீரகச் சம்பா போடும். இப்போ நெருஞ்சி முளைக்குது.

தண்ணி விஷயம் இன்னும் மோசம். பழைய ரோட்டுக்குக் குறுக்கே கல்பலகை போட்ட சின்னச் சின்ன மதகு மூணு இருந்துச்சு. மூணையும் மூடிட்டு ஒரே இடத்துல ஒரு சிமெண்ட் பைப்பு. மூணு ஓடைத் தண்ணியும் ஒரே வாயில பாய்ஞ்சா என்ன ஆகும்? பைப்புக்குக் கீழ ஆள் உயரத்துக்குப் பள்ளம் விழுந்துடுச்சு. மத்த ரெண்டு ஓடைக்கும் கீழ இருக்கற எங்க சித்தப்பா கிணத்துல மார்கழியிலயே தண்ணி இறங்கிடுது. மழை குறையல. தண்ணி வர்ற வழிதான் மாறிப்போச்சு.

இதையெல்லாம் முன்னாடியே பார்க்கறதுக்குத்தானே சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடுன்னு ஒண்ணு வெச்சிருக்காங்கன்னு நீங்க கேட்பீங்க. நானும் அதைத்தான் என் பொண்ணுகிட்ட கேட்டேன். அவ எடுத்துப் படிச்சுக் காட்டினா. 2006ல வந்த மத்திய அரசு அறிவிக்கை. பெரிய திட்டம்னா அறிக்கை தயார் பண்ணணும், சுருக்கத்தை நம்ம மொழியில தரணும், 30 நாள் முன்னாடி அறிவிச்சுப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தணும். நல்ல விஷயம்தான். ஆனா தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்தறதுக்கு ஆரம்பத்துல 30 கிலோமீட்டர்னு இருந்த வரம்பை 2013ல 100 கிலோமீட்டர் ஆக்கிட்டாங்க. அதுலயும் கூடுதலா எடுக்கற அகலம் 40 மீட்டரைத் தாண்டினாத்தான் கணக்கு. எங்களுது மாவட்ட ரோடு, 1.75 மீட்டர். எங்களுக்கு அறிக்கையும் இல்ல, கூட்டமும் இல்ல.

வடக்கே உத்தராகண்ட்ல நாலு கோயிலுக்குப் போற மலைச் சாலையை அகலப்படுத்தினாங்களே, சார் தாம் திட்டம், அது 889 கிலோமீட்டர். அதை 53 துண்டாப் போட்டுட்டாங்க. துண்டு எதுவும் நூறைத் தாண்டலைன்னா மதிப்பீடும் வேண்டாம். வழக்கு உச்ச நீதிமன்றம் போச்சு, நிபுணர் குழு போட்டாங்க. அங்கேயும் சண்டை எதுல தெரியுமா? அகலத்துல. 2020 செப்டம்பர்ல கோர்ட்டு 5.5 மீட்டர் போதும்னு சொல்லிச்சு, எங்க ரோட்டு அகலமேதான். அடுத்த வருஷம் டிசம்பர்ல, ராணுவத்துக்குத் தேவைன்னு இன்னும் அகலமாக்க அனுமதி கொடுத்துடுச்சு. இமயமலைக்காரங்க கதையைக் கேட்டப்போ, மண்ணைப் பள்ளத்துல தள்ற பழக்கம் நம்ம ஊர்ல மட்டும் இல்லன்னு தெரிஞ்சுது.

நம்ம மாவட்டத்து எட்டு வழிச் சாலை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சென்னை - சேலம், 277 கிலோமீட்டர், பத்தாயிரம் கோடி. செங்கம் பக்கம் எங்க மாமா நிலத்துல 2018ல கல்லு நட்டாங்க. அத்தை அந்தக் கல்லு மேலயே உட்கார்ந்து அழுதாங்க. 2019 ஏப்ரல் 8ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், சுற்றுச்சூழல் அனுமதி வாங்காம நிலம் எடுக்க முடியாதுன்னு அந்த அறிவிக்கையை ரத்து பண்ணிச்சு. 2020 டிசம்பர் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம், நிலம் எடுக்கற அறிவிக்கைக்கு முன்னாடி அனுமதி தேவையில்ல, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இருந்தாப் போதும்னுடுச்சு. எட்டு வழிக்கு ரெண்டு தீர்ப்பும் எட்டாம் தேதின்னு மாமா இப்பவும் சொல்லுவார். என் புத்திக்கு எட்டினது இதுதான்: நிலத்தை எடுத்துட்டு அப்புறம் பாதிப்பைப் பார்த்தா, பாதையை ஒரு அடி தள்ளிப் போடக்கூட யாருக்கு மனசு வரும்?

சரி, எங்க ரோட்டுக்கு வர்றேன். சித்திரையில ஒரு இன்ஜினியர் டேப் பிடிச்சிட்டு வந்தாரு. சின்னப் பையன், மரியாதையாப் பேசினாரு.

"சார், இந்த ரெண்டு கிலோமீட்டர்ல எத்தனை மதகு வருது?"ன்னு கேட்டேன்.

"நாலுங்கய்யா. இப்போ இருக்கற நாலையும் நீளப்படுத்தறோம்."

"ஓடை எத்தனைன்னு பார்த்தீங்களா?"

"மேப்புல நாலுதாங்கய்யா காட்டுது."

அவர் மேல தப்பு இல்ல. சித்திரையில வந்தா எல்லா ஓடையும் சருகு கிடக்கற பள்ளம்தான். போன சனிக்கிழமை நல்ல மழை. விடறதுக்குள்ள நானும் அண்ணன் பையனும் கோணியைத் தலையில போட்டுக்கிட்டு ரோட்டுல நடந்தோம். தண்ணி ரோட்டைத் தாண்டற ஒவ்வொரு இடத்துலயும் ஒரு குச்சி நட்டு, பழைய சேலைத் துணியைக் கிழிச்சுக் கட்டினோம். மொத்தம் 11.

வன உரிமைச் சட்டம் 2006ல எங்களுக்கு ஒரு பிடி இருக்கு. காட்டு நிலத்துல ஊருக்கு ரோடு போட ஒரு ஹெக்டேருக்குக் குறைவாத்தான் எடுக்கலாம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டக்கூடாது, அதுக்கும் கிராம சபை பரிந்துரை வேணும். அதனால ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு ஒரு நோட்டு எழுதிட்டு இருக்கேன். ஓடை 11, மதகு 11. மண்ணைக் கொட்ட ஊர்ப் பொதுப் பாறைக்குழி இருக்கு, அங்கேதான் கொட்டணும், நடைக் கூலியை எஸ்டிமேட்லயே சேர்க்கணும். வேலை தையில ஆரம்பிச்சு ஆடிக்குள்ள முடியணும். வெட்டின பக்கத்துல கல் அடுக்கி வெட்டிவேர் வைக்கணும்.

ஒரு மரத்துக்குப் பத்துக் கன்னு நடுவோம்னு சொல்றாங்க. நடட்டும். ஆனா எங்க 41 எங்க தாத்தா வெச்சது. போன வருஷம் அந்த ஒரு மரத்துப் பழம் வித்துத்தான் பொண்ணுக்கு ஹாஸ்டல் பணம் கட்டினேன்.

டேப் வெச்சு அளந்து பார்த்தேன். மரம் ரோட்டு விளிம்பிலிருந்து நாலடி, மேல் பக்கம். கீழ் பக்கமா தடுப்புச் சுவர் கட்டி அகலப்படுத்தினா 41 மட்டுமில்ல, அந்த வரிசையில ஒன்பது மரம் தப்பிக்கும், வெட்டற மண்ணும் குறையும். சுவருக்குச் செலவு கூடுதல்னு அந்த இன்ஜினியர் சொன்னார். எவ்வளவு கூடுதல்னு கேட்டேன், கணக்குப் போட்டுச் சொல்றேன்னாரு. அந்தக் கேள்வியையும் நோட்டுல எழுதியிருக்கேன், பக்கத்துல இடம் விட்டு.