சவப்பெட்டியருகே ஒரு நாய்

மிகையுணர்ச்சி என்னும் சொல்லை எத்தனை எளிதாகப் பிறர் படைப்பின்மீது எறிந்துவிடுகிறோம்! எட்வின் லேண்ட்சீரின் நாய் ஓவியங்களை முதன்முதலில் அச்சுப் பிரதிகளாகக் கண்டபோது நாமும் அதையே செய்தோம். பிஸ்கட் டப்பாவின் மூடிக்கு உகந்தவை என்று ஒதுக்கினோம். அத்தீர்ப்பை இப்போது திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது; முழுவதும் அல்ல, பாதியேனும்.

1802இல் லண்டனில், செப்புத்தகட்டில் படம் செதுக்கும் கலைஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் லேண்ட்சீர். பதின்மூன்றாம் வயதில், 1815இல், ராயல் அகாடமியின் கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றுவிட்டன. இறந்த விலங்குகளை அறுத்துத் தசையையும் எலும்பையும் கற்குமாறு ஆசிரியர் ஹேடன் வலியுறுத்தினார். பின்னாளில் விக்டோரியா அரசியின் வளர்ப்பு நாய்களை வரைந்தார்; 1850இல் 'சர்' பட்டம் பெற்றார். அண்ணன் தாமஸ் செதுக்கிய அச்சுப்படிகள் அவரை நடுத்தரக் குடும்பங்களின் சுவர்களுக்குக் கொண்டுசேர்த்தன. வெற்றிக் கதை இவ்வளவே. நம்மைத் தடுத்து நிறுத்தியது வேறு.

1837இல் அவர் தீட்டிய ஓவியம், 'முதிய இடையனின் முதன்மைத் துக்கக்காரர்'. ஆங்கிலேயர் வழக்கில் அப்பெயருக்குரியவர் இறந்தவரின் மிக நெருங்கிய உறவினர். இங்கே அந்த இடத்தில் நாய். இருண்ட குடிசை, மரச் சவப்பெட்டி, அதன்மேல் ஒரு கம்பளி. தரையில் கைத்தடியும் தொப்பியும். மூடிய விவிலியத்தின்மேல் மூக்குக்கண்ணாடி. வேறு மனிதர் எவருமில்லை. நாய் பெட்டியின்மேல் மோவாயைப் பதித்திருக்கிறது.

'நவீன ஓவியர்கள்' நூலின் முதல் தொகுதியில் (1843) ரஸ்கின் இப்படத்தை வியந்து எழுதினார். அவர் கண்டு சொன்ன ஒன்றை நாம் தவறவிட்டிருந்தோம்: நாய் பெட்டியை இறுகப் பற்றியதில் அந்தக் கம்பளி சரிந்திருக்கிறது. அதைக் கவனித்தபின் படம் மாறிவிடுகிறது. நாயின் கண்ணில் நீரில்லை, மனித முகபாவமும் இல்லை. மரத்தின்மீது சாய்ந்த ஓர் உடலின் பாரம் மட்டுமே. சதையையும் எலும்பையும் அறுத்துக் கற்றவனால்தான் அந்தப் பாரத்தை வரைய முடியும். அவருடைய வேறு பல நாய்கள் மனிதரைப்போல் நடிக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. இந்த நாய் நடிக்கவில்லை.

1840இல் அவர் மனநலம் குலைந்தது. அதன்பின் மனச்சோர்வும் குடியும் அவரை விடவில்லை. ஸ்காட்லாந்து மலைகளில் மான் வேட்டைக்குச் செல்வார். மானைக் கண்டதும் துப்பாக்கியைப் போட்டுவிட்டுப் படம் வரையத் தொடங்குவார் என்றும் ஒரு கதை உண்டு. கலைமானைத் தீட்டிய 'மலைப்பள்ளத்தாக்கின் மன்னன்' (1851) விஸ்கி விளம்பரம்வரை புகழ்பெற்றது. நம்மை அது அவ்வளவாகத் தொடவில்லை.

ஆனால் 1864இல் அவர் காட்சிக்கு வைத்த துருவக்கரடிகளைக் கண்டு திடுக்கிட்டோம். நாம் ஒன்று நினைக்கத் தெய்வம் ஒன்று நினைக்கும் என்று நம்மவர் சொல்வதையே அப்படத்தின் தலைப்பும் சொல்கிறது. 1845இல் இரு கப்பல்களில் வடதுருவக் கடலுக்குச் சென்ற ஃபிராங்க்ளினும் அவர் குழுவினரும், 129 பேர், எவரும் திரும்பவில்லை. பனிக்கிடையில் உடைந்த பாய்மரம், தொலைநோக்கி. ஒரு கரடி சிவப்புக் கொடியைக் கிழிக்கிறது. மற்றொன்று மனித விலா எலும்பை மெல்கிறது. லண்டனுக்கு வெளியே ராயல் ஹாலோவே கல்லூரியில் அது தொங்குகிறது. தேர்வு எழுதும் மாணவர் அஞ்சாதிருக்கக் கொடியால் மூடிவைப்பது அங்கே வழக்கம்.

சவப்பெட்டியைவிட்டு அகலாத நாயை வரைந்த கை இதையும் வரைந்தது. இந்தக் கரடிகளுக்கு நம்மேல் அன்பும் இல்லை, பகையும் இல்லை. முப்பத்தைந்து வயதில் ஒரு விலங்கின் உடலில் இழப்பைக் கண்டவர், அறுபதைக் கடந்தபின் பசியை மட்டும் கண்டாரோ என்று எண்ணத் தோன்றுகிறது.

டிரஃபால்கர் சதுக்கத்தின் நான்கு வெண்கலச் சிங்கங்களும் அவர் வடித்தவையே. பல ஆண்டுத் தாமதத்தால் ஏளனத்துக்கு ஆளாகி, 1867இல் அவை நிறுவப்பட்டன. 1873 அக்டோபரில் லேண்ட்சீர் இறந்தபோது அவற்றுக்கு மலர்வளையம் சாத்தினார்களாம். சிங்கத்தின் முன்னங்கால்கள் நாயின் கால்களைப்போல் இருக்கின்றன என்று குறை சொல்வோர் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே.